கறுப்பு வெள்ளையில் அப்பா

உயிரோடு இருக்கும் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்த மகள் இந்தக் கொங்கு மண்ணில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேண்டுமென்று அடிக்கவில்லை. அழகாக இருக்க வேண்டும் என்று அடித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொன்னால் அந்தக் குரங்கே கோபித்துக்கொள்ளும்.

நான் சூலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி அப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறேன். படம் வரைவது என்றால் எனக்கு வட்டமும் முக்கோணமும்தான். ஆனால் எங்கள் பள்ளியில் யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறதோ அவர் தலையில்தான் எல்லா நோட்டீஸும் விழும். முன்பு சார்ட் பேப்பரில் எழுதினேன். இப்போது போனில் செய்கிறேன். ஒரு விளையாட்டு விழாவுக்கு நான் செய்த நோட்டீஸில் வானவில்லின் எல்லா நிறமும் இருந்தது. எழுத்தும் வரிக்கு ஒரு விதம். ஓடுகிற பையன், பறக்கிற புறா, கொத்துக் கொத்தாகப் பலூன். அதைப் பார்த்த ஒரு பையனின் அப்பா, "நல்லா இருக்குதுங்க டீச்சர். தேதி மட்டும் எங்கீங்க?" என்று கேட்டார். தேதி ஒரு பலூனுக்குள் இருந்தது. நானே தேடித்தான் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் பள்ளியில் என்னைக் கோவையில் நடந்த ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். டிசைன் படிக்காதவர்களுக்கான டிசைன் வகுப்பு. சொல்லிக்கொடுத்தது என்னைவிட வயதில் சின்னப் பெண். அலட்டல் இல்லாமல் பேசினாள். ஒரு தாளில் ஒரு விஷயம்தான் சத்தமாகப் பேச வேண்டும், எல்லாமே கத்தினால் எதுவும் காதில் விழாது என்றாள். ஒன்றோடொன்று சேர்ந்த விஷயங்களைப் பக்கத்தில் வை, சேராததைத் தள்ளி வை. ஓரங்கள் ஒரே கோட்டில் நிற்கட்டும். நிறம் இரண்டு போதும், எழுத்து வகையும் இரண்டு போதும். காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்துப் பயப்படாதே, அதுவும் வேலை செய்கிறது. எனக்கு ஜியோமெட்ரி பாடத்துக்கு யாரோ சட்டை மாட்டிக் கூட்டிவந்த மாதிரி இருந்தது. கடைசியாக ஒன்று சொன்னாள். "செஞ்சு முடிச்சதும் கண்ணைச் சுருக்கிப் பாருங்க. எழுத்தெல்லாம் மங்கிப் போயிடும். அப்ப மிச்சம் என்ன தெரியுதோ, ரோட்டுல போறவங்க பாக்கறது அதை மட்டும்தான்."

புது மதத்தில் சேர்ந்தவள் மாதிரி ஊர் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதே திருச்சி ரோட்டின் இரண்டு பக்கமும் நின்ற பேனர்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, ரியல் எஸ்டேட், எல்லாம் ஒரே கலர்ச் சேறு. உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கி வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் "எழுத்து ரொம்ப நெருக்கமா இருக்குதுங்க" என்று சொன்னவள் நான். என்னைக் கண்டால் ஆட்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அப்பா மரச்செக்கு எண்ணெய்க் கடை வைக்க முடிவு செய்தார். அப்பா சிங்காநல்லூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "சும்மா உக்காந்தா மெசினு துருப் புடிச்சுரும்" என்பார். மெஷின் என்று சொல்வது தன்னைத்தான்.

அம்மாவைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார். முதல் ஷிப்டுக்குப் போகிற ஆளுக்குச் சோறு கட்டிக் கொடுக்க வாழ்நாளெல்லாம் நாலு மணிக்கு எழுந்தவள் அம்மா. அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரம் மாறவில்லை. நாலு மணிக்கு அப்பாவுக்கு விழிப்பு வந்துவிடும், "காப்பி" என்பார், அம்மா எழுந்துகொள்வாள். போன வருடம் ரத்தக் கொதிப்பு ஏறி ஒருமுறை மயங்கி விழுந்தாள். டாக்டர் நல்ல தூக்கம் வேண்டும், திடுக்கிடுகிற மாதிரி எதையும் சொல்லிவிடாதீர்கள் என்றார். இரண்டாவதை மட்டும் நாங்கள் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். கடை என்று வந்ததும் கடலையில் கல் பொறுக்குவதும் எள்ளைப் புடைப்பதும் அம்மாவின் வேலை என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது.

திறப்பு விழாவுக்கு அப்பா மனசுக்குள் ஒரு பேனர் வைத்திருந்தார். மேலே விநாயகர், இந்தப் பக்கம் குலதெய்வம், அந்தப் பக்கம் தேங்காயிலிருந்து சொட்டுகிற எண்ணெய். நடுவில் கை கூப்பிய அப்பா. கீழே வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களில் பங்காளிகள், மாமன் மச்சான்கள், பேரன்கள், ஆலை நண்பர்கள். எல்லோரிடமும் போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டிருந்தார். அவர் போன் நிரம்பி வழிந்தது.

"ஒறம்பரை மொகம் பூரா வரோணும் அம்மணி. ஒருத்தரை உட்டுப்போட்டாலும் பெரிய சண்டையாப் போயிரும்."

"இத்தன பேரைப் போட்டா உங்க மொகமே தெரியாதுங்கப்பா. கடை பேரும் தெரியாது."

"எம்மொகம் என்னத்துக்குத் தெரியோணும்? அவிய மொகம் அவியளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் பேனர் என்பது பந்தி மாதிரி. ஒருவரை உட்கார வைத்துவிட்டு இன்னொருவரை நிற்க வைக்க முடியாது. ஆனால் நான் அன்றைக்கு நியாயம் கேட்கிற நிலையில் இல்லை. "இதை என்கிட்ட உடுங்க" என்றேன். படித்த பெண் சொல்கிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

நான் செய்தது இது. முழுக்க வெள்ளைப் பின்னணி. நடுவில் பெரிதாக அப்பாவின் முகம் மட்டும். கலர் போட்டோவில் சட்டையின் நீலம் கண்ணை இழுத்தது, அதனால் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அப்படி மாற்றியதும் முகத்தின் கோடுகளெல்லாம் எழுந்து வந்தன. உழைத்த மனிதன் என்று பார்த்தாலே தெரிந்தது. படத்துக்குக் கீழே இடது பக்கம் கணபதி ஹோமத்தின் தேதி, வலது பக்கம் கடை திறக்கும் தேதி, இரண்டும் ஒரே கோட்டில், ஒரே அளவில். அடியில் மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் கடையின் பெயர். சுற்றிலும் காலி இடம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அப்பா தெரிந்தார். எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அழகாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

அம்மாவிடம் போனைக் காட்டினேன். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே காணமே கண்ணு" என்றாள்.

"அதுதாம்மா அழகு."

"செரி" என்று சொல்லிவிட்டு எள் புடைக்கப் போனாள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர், "இவ்வளவு எடம் காலியாக் கெடக்குதுங்களே, பூக்கீது போட்டர்லாங்களா?" என்று கேட்டார். "அது காலி இல்லைங்க, வேணும்னே உட்டது" என்று அவர் வாயை அடைத்தேன்.

இரண்டு பேனர் அடித்தோம். ஒன்று சூலூரில் கடை வாசலுக்கு. இன்னொன்று சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, அப்பாவின் நண்பர் ஒருவருக்குச் சொந்தமான பூட்டிக் கிடக்கும் கடையின் சுவருக்கு. அப்பாவை அறிந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் ஃப்ளெக்ஸ் கடை ஆட்களே சிங்காநல்லூரில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. வாசலுக்கான பேனர் சுருட்டியபடி கடைக்குள் கிடந்தது.

அன்றைக்கு அம்மா நேரமே காரமடைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ரங்கநாதருக்கு வேண்டுதல் என்றாள். கடை நன்றாக நடக்க வேண்டுமென்று வேண்டப் போகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அப்பாவும் கடையில் தகர டின்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அப்பாவுடன் ஆலையில் வேலை பார்த்த நண்பர்கள் வெள்ளைச் சட்டையில் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் கையில் ஆள் உயரத்துக்கு ஒரு சம்பங்கி மாலை. கடைப் படியில் கால் வைக்கும்போதே அவருக்கு அழுகை வெடித்தது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, அப்பாவிடம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டின்களுக்குப் பின்னாலிருந்து அப்பா வெளியே வந்தார். "வாங்க, வாங்க. தொறப்பு நாளன்னிக்குத்தானுங்க. இன்னைக்கே வந்துட்டீங்க?"

அழுதுகொண்டிருந்தவர் அப்படியே பிண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. உட்கார்ந்தவர்தான் கேட்டார்.

"மச்சான், நீங்க இருக்கறீங்களா?"

"இருக்கறனே" என்றார் அப்பா.

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அப்பாவின் கண் மாலைக்குப் போனது. "இது யாருக்குங்க?" என்றார். மாலை கொண்டுவந்தவர் அதை மூட்டைக்குப் பின்னால் தள்ளப் பார்த்தார். அவருக்கு மெல்ல விளங்கியது. கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தார். தன் மார்பில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார், ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

"சிங்காநல்லூர்ல படம் வெச்சிருக்குதுங்க அம்மணி" என்றார் இன்னொருவர் என்னைப் பார்த்து. "மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வெச்சிருக்கறாங்க. ஆட்டோ ஸ்டாண்டுப் பசங்க எல்லாம் நின்னு கும்புட்டுட்டு இருக்கறாங்க. நாங்க அதைப் பாத்துட்டுத்தான் ஆளுக்காள் போன் பண்ணிட்டு வாரோம்."

நாங்கள் மாலை போடவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு வெள்ளைப் பின்னணி ஞாபகம் வந்தது. கறுப்பு வெள்ளை முகம். இடது பக்கம் ஒரு தேதி, வலது பக்கம் ஒரு தேதி. எங்கள் ஊர் சுவர்களில் தோற்றம் என்றும் மறைவு என்றும் அந்த இடத்தில்தான் போடுவார்கள். தலையில் யாரோ மணையால் அடித்த மாதிரி இருந்தது.

சேர்ந்தாற்போல் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. காரமடையிலிருந்து அம்மா காந்திபுரம் வந்து, அங்கே சூலூர் பஸ் ஏறி, சிங்காநல்லூர் வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பேனருக்கு நேர் எதிரே பஸ் நிற்கும். அம்மாவிடம் போன் இல்லை. திடுக்கிடுகிற மாதிரி எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொன்ன அம்மா. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுக்கிறேன் என்று எண்ணெய் அளக்கிற கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். சிங்காநல்லூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது ஸ்கூட்டர் முன்பெட்டியில் கிடப்பதைப் பார்த்தேன்.

ரோட்டுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தினேன். எதிரே அப்பா. என்னை அறியாமல் கண்ணைச் சுருக்கினேன். கடை பெயர் போனது. ஹோமமும் திறப்பும் போயின. மிச்சம் இருந்தது மாலை போட்ட ஒரு கறுப்பு வெள்ளை முகமும், சுற்றிலும் பேச்சற்ற வெள்ளையும், இரண்டு தேதிகளும். என் அப்பா இறந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அவரைக் கடையில் உயிரோடு விட்டுவிட்டு வந்த எனக்கே கும்பிடக் கை எழுந்தது. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு விதியும் அந்தப் பேனரில் பழுதில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் அது சத்தமாகச் சொன்னது. ரோட்டில் போகிற சனம் எதை எப்படிப் படித்துப் பழகியிருக்கிறது என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தெருக்களில் கல்யாணம் கலரில் வரும், சாவு வெள்ளையில் வரும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது இது.

நான் கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் ஓடி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எறந்தவரு படத்தை இப்பிடிப் புடுங்கறீங்களே. பாவமுங்க."

"அவரு சாகலைங்க. அது எங்கப்பா. கடையில டின்னு அடுக்கிட்டு இருக்கறாரு."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பேனருக்கு ரொம்பக் கிட்டே போய், மாலையை விலக்கி, மூக்கு படுகிற தூரத்தில் நின்று படித்தார். "கடை தொறப்புங்களா?" என்றார் மெதுவாக. "எழுத்து தெரியவே இல்லைங்களே. இவரை நாங்க பல வருசமாப் பாத்திருக்கறமுங்க. ஷிப்டு முடிஞ்சு இங்கதான் டீ குடிப்பாரு. மனசு கேக்கலைன்னு நாங்க பசங்க சேந்துதான் மாலை வாங்கிப் போட்டமுங்க."

அப்படியாக, பேனரைப் பார்த்து அவர்கள் மாலை போட, மாலையைப் பார்த்து மற்றவர்கள் நம்ப, அப்பாவின் சாவு மதியத்துக்குள் உறுதியாகிவிட்டிருந்தது. அம்மாவின் அடையாளம் சொல்லி, மஞ்சப்பையோடு ஒரு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினார்களா, யாராவது மயங்கி விழுந்தார்களா என்று கேட்டேன். யாரும் இறங்கவில்லை என்றார். பஸ்ஸிலிருந்தபடியே நிறைய பேர் கும்பிட்டுக்கொண்டு போனார்கள் என்று சேர்த்துச் சொன்னார்.

அப்போது அப்பா போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "உங்கம்மா வந்துட்டா. காப்பி வெச்சுட்டு இருக்கறா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் வாயைத் தொறக்காதே."

எனக்கு உயிர் வந்தது. பேனரைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். நண்பர்கள் மாலையை வேன் சீட்டுக்கு அடியில் மறைத்துவிட்டு, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாலையை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாமிக்குப் போட முடியாது, உயிரோடு இருப்பவருக்குப் போட முடியாது, குப்பையில் போட மனசு வராது. கடைசியில் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா பிரசாதத்தை எல்லோர் கையிலும் வைத்தாள்.

"பஸ்ல எடம் கெடச்சுதாம்மா? நல்லா வந்தீங்களா?" என்றேன்.

"தூங்கிப்போட்டேன் கண்ணு. சூலூர் வந்துதான் முழிச்சேன்."

ரங்கநாதர் காப்பாற்றினார் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே அப்பா கேட்ட பேனரை அடித்தேன். மஞ்சள், சிவப்பு, பச்சை. விநாயகர், குலதெய்வம், சொட்டுகிற எண்ணெய், வட்டம் வட்டமாக எல்லா முகமும். நான் படித்த அத்தனை விதிகளையும் மீறினேன். ஒன்றை மட்டும் விடவில்லை: கடை பெயரையும் தேதியையும் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போட்டு, பஸ்ஸில் போகிறவருக்கும் தெரிகிறதா என்று ரோட்டைத் தாண்டி நின்று பார்த்தேன். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் தங்கள் முகத்தை விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், இனிமேல் கடை தினமும் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். கை தட்டினார்கள். அம்மா பின்னால் நின்று சுண்டல் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையின் பின்கட்டில் அம்மாவோடு உட்கார்ந்து கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா முன்னால் கல்லாவில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அந்தப் படம் நல்லாத்தான் இருந்துது கண்ணு. மொகம் அப்பிடியே இருந்துது."

பொறுக்கிய கல்லைத் திரும்பக் கடலையிலேயே போட்டேன்.

"பஸ்ஸு அங்கதான நிக்கும். சன்னல் ஓரம் உக்காந்திருந்தேன். பாத்தேன். நீ போன்ல காட்டுன படந்தான், ஆனா மாலை போட்டு ஊதுபத்தி வெச்சிருந்துது, நான் கெளம்புனப்பறம் என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த அம்மா, 'யாரோ பாவம், நல்ல மனுசனாட்ட இருக்கறாரு'ன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. நானும் கும்புட்டேன்."

"அம்மா."

"எறங்கோணும்னு தோணலை. அழுகையும் வரலை. அழுகை வரோணும், வரோணும்னு உக்காந்திருக்கறேன், வரவே மாட்டேங்குது. ஒண்டிப்புதூர் தாண்டறப்ப, நாளைக்கு வெடியால நாலு மணிக்கு எந்திரிக்க வேண்டியதில்லையேன்னு ஒரு நெனப்பு வந்துது. அப்பத்தான் கண்ணு, அழுகை வந்துது. அவரு போனதுக்கில்லை."

கையிலிருந்த கடலையும் கல்லும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. மாலையோடு வேன் வந்து நின்றபோது, சிங்காநல்லூரில் அப்பாவைச் சுவரில் பார்த்தபோது, அப்போதெல்லாம் எனக்கு வந்தது அதிர்ச்சியே இல்லை என்று அப்போது தெரிந்தது. பயந்தேன், அவ்வளவுதான். இதுதான் அதிர்ச்சி. என் அம்மா, அப்பா இல்லாத உலகத்தில் ஒண்டிப்புதூரிலிருந்து சூலூர் வரைக்கும் பயணம் செய்திருக்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைக்க இருந்தது ஒரு தூக்கம். அதற்காக அழுதிருக்கிறாள்.

"எறங்கி வாரேன், உங்கப்பா டின்னைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கறாரு. எனக்குப் பொக்குனு போச்சு. சந்தோசந்தான், சந்தோசமில்லைன்னு நான் சொல்லமாட்டேன். கடவுளேன்னு கையெடுத்துக் கும்புடப் போனேன். அதுக்குள்ள, 'எங்க போயிட்ட இத்தன நேரம், வந்தவிங்களுக்குக் காப்பி வெய்யி'ன்னாரு. போயி வெச்சேன்."

"காரமடையில என்னதாம்மா வேண்டுனீங்க?"

"கடை ஓடக்கூடாதுன்னு" என்றாள் அம்மா.

நான் முன்கட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அந்தக் கலர் பேனரின் சின்னப் பிரதி ஒட்டியிருந்தது. சொந்தம் பூராவும் வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்றுவிட்ட பங்காளியின் கைக்குழந்தை வரைக்கும் இருந்தது. அம்மா இல்லை. பெண்கள் முகத்தை ரோட்டில் வைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை, அதனால் அப்பா அம்மாவின் போட்டோவைக் கேட்கவே இல்லை. நானும் போடவில்லை. எது பெரிது, எது சிறிது, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று அத்தனை யோசித்த எனக்கு, அம்மாவின் போட்டோ வேண்டும் என்றே தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்கொரு போர்டு செஞ்சு குடு கண்ணு."

"என்னன்னும்மா?"

"ஏழு மணிக்கு முன்னால என்னைக் கூப்படக்கூடாதுன்னு. படுக்கற ரூம்புக் கதவுல ஒட்டிக்கறேன். வாயில சொன்னா உங்கப்பா காதுல ஏறாது."

"போட்டுத் தாரேம்மா. என்ன கலர்ல போடட்டும்? மஞ்சள், பச்சை?"

அம்மா இப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"கறுப்பு வெள்ளையிலயே போடு. அதுக்குத்தான் நின்னு கும்புடறாங்க."

போட்டுக் கொடுத்தேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, சுற்றிலும் தாராளமாகக் காலி இடம். ஒரே ஒரு விஷயம். கண்ணைச் சுருக்கினாலும், கண்ணாடி இல்லாவிட்டாலும், அரைத் தூக்கத்தில் எழுந்து வந்தாலும் படிக்க முடிகிற அளவில். நான் செய்ததிலேயே நல்ல டிசைன் அதுதான்.

மறுநாள் விடிவதற்கு முன் என் போன் அடித்தது. அப்பா. அந்த நேரத்தில் வருகிற போனுக்கு எங்கள் வீட்டில் சாவைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. எடுத்துக் காதில் வைத்தேன். அடுத்த அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பது தெரிகிற மாதிரி, ரகசியமாகக் கேட்டார்.

"அம்மணி, நம்மூட்டுல காப்பித்தூள் எந்த டப்பாவுல இருக்குது?"

எனக்கும் தெரியவில்லை.